ஆங்கிலத்தில் அமிழ்தற் சொற்கள்

சென்ற ஆண்டு எமது கடற்கரையூரிற் படகொன்று கவிழ்ந்து, அதனை உடையவர் உயிர் நீத்தார். அவர்தம் மனைவியார் பொருட்டு ஓர் அலுவலகத்திற்கு ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதும் பொறுப்பு, கல்லூரியிற் பயில்வோன் என்பதுபற்றி என்பால் வந்தது. யான் படகிற்கு ‘டிரௌன்’ என்னும் வினையையும், மனிதருக்கு ‘ஸிங்க்’ என்னும் வினையையும் பெய்து எழுதிவிட்டேன். சில வாரங்கழித்து விண்ணப்பம் மீண்டது. ஆள் இறந்தாரா என்பது விளங்கவில்லையென ஓரத்தில் வரைந்திருந்தனர். யான் அகராதியைப் புரட்டத் தொடங்கியது அன்றுதான்.

‘ஸிங்க்’ என்பது கீழ்நோக்கித் தாழ்தல் என்னும் அளவே பொருள்படும். கல்லும், கப்பலும், கதிரவனும், நோயாளியின் குரலும் அவ்வினைக்கு உரியன. இறப்பு அதன்கண் அடங்காது. அமிழ்ந்தவர் மீண்டும் எழலாம். ‘டிரௌன்’ என்பதோ நீரில் மூச்சடைத்து மாளுதல். ஆகலின் உயிருள்ளவற்றிற்கே உரியது. ஓசைக்கும் நிலத்திற்கும் அது வருவது உருவக வழக்கு. 1912 ஏப்ரல் 15இல் டைட்டானிக் கப்பல் அமிழ்ந்தபோது மாண்டோருட் பலர் கடுங்குளிரால் இறந்தனர். அவர்க்கு ‘டிரௌன்’ என்றல் நுணுகி நோக்கின் வழுவேயாம். இவ்வினையைப் பழையோர் செயப்பாட்டு வடிவில் எழுதினர். பிறரொருவர் மூழ்கடித்தார் என்னும் ஐயத்திற்கு அஃது இடந்தருமாதலின், இக்காலத்தார் பலர் தன்வினையாகவே எழுதுவர்.

இனி வடிவங்கள். ‘ஸிங்க்’ இறந்தகாலத்தில் ‘ஸாங்க்’, எச்சவடிவில் ‘ஸங்க்’. ‘ஸங்கன்’ என்பது இன்று குழிந்த கண், அமிழ்ந்த கலம் முதலியவற்றிற்கு அடையாகவே பெரிதும் நிற்கும். 1611ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியத்தில், கோலியாத்தின் நெற்றியிற் புதைந்த கல்லுக்கு ‘ஸங்க்’ என்பதே இறந்தகால வினைமுற்றாக நிற்கின்றது. அதனைப் பிழையெனல் தகாது; அதனைக் காட்டித் தேர்வில் மதிப்பெண் கேட்டலும் தகாது!

தமிழ் மாணாக்கர்க்குச் சுவை பயப்பது பிறிதொன்று. பழைய ஆங்கிலத்தில் ‘ஸின்கன்’ தன்வினை. ‘ஸென்ச்சன்’ அதன் பிறவினை. நம் ‘அமிழ்’, ‘அமிழ்த்து’ என்பனவும், ‘ஆழ்’, ‘ஆழ்த்து’ என்பனவும் போன்ற இணை இது. நாம் காத்துவரும் வேறுபாட்டை ஆங்கிலர் இச்சொல்லில் இழந்தனர். கப்பல் தானே அமிழினும், பகைவர் அதனை அமிழ்த்தினும், இன்று ‘ஸிங்க்’ ஒன்றே. ஆயினும் ‘டிரிங்க்’ என்பதன் பிறவினையாகிய ‘டிரென்ச்’ பிழைத்திருக்கின்றது. பருகச்செய்தல் என்னும் அதன் முதற்பொருள், கால்நடைகட்கு மருந்து புகட்டுதலில் இன்றும் நிற்கின்றது. பிறவிடத்து முற்ற நனைத்தல் என்றாயிற்று. ‘டிரௌன்’ என்பதும் இக்குடும்பத்ததே என்பர் ஆராய்ச்சியாளர் பலர்.

‘பௌண்டர்’ என்பது நீர் நிரம்பிக் கப்பல் அடிசேர்தல். அடித்தளம் எனப் பொருள்படும் ‘புந்துஸ்’ என்னும் இலத்தீன்சொல்லே இதற்கு வேர். ஒரு கழகத்தை நிறுவினாரும் அவ்வேரடியாகவே ‘பௌண்டர்’ எனப்படுவர். நிறுவினோர் விழா நாளில் இதனை உரக்கக் கூறாதிருத்தல் நன்று. அடுக்களையிற் பாத்திரங் கழுவுந் தொட்டியாகிய ‘ஸிங்க்’, முன்னாளிற் கழிவுநீர்க் குழியைக் குறித்தது. பிரிட்டனில் 1717இல் ஏற்படுத்திய ‘ஸிங்கிங் பண்ட்’, கடன் தாழ்வதற்கென ஒதுக்கிய நிதியேயன்றித் தானே மூழ்கும் நிதியன்று.

டிக்கன்ஸ் இயற்றிய ‘டேவிட் காப்பர்பீல்ட்’ என்னும் புதினத்தில், பெகாட்டி என்னும் கடற்றொழிலாளர், மூழ்கி மாண்டாரைக் கூறுங்கால், ‘டிரௌன்’ என்பதனோடு இறந்தார் என்னும் சொல்லையும் ஒட்டி ஒரே சொல்லாக்கிப் பேசுவார். முன்னர் அதனைக் கண்டு நகைத்தேன், இப்பொழுது நகையேன். திருத்திய விண்ணப்பத்தில் அவ்வம்மையார் கையொப்பமிடுமுன், மாற்றிய சொல் யாதெனத் தமிழிற் கேட்டார். அதற்கு நிகராக நம்மிடம் ஒரு சொல் என் நினைவிற்கு எட்டவில்லை. ‘மூழ்கி இறந்தார்’ என இரண்டு சொல்லாகவே கூறினேன்.