உறைக்குள் ஒரு காலை உணவு

காலை ஏழு மணிக்குப் பள்ளிப் பேருந்து வந்துவிடும். தாய்க்கும் தந்தைக்கும் அலுவலகம் உண்டு. இட்லி வேண்டுமெனின் முதல் நாளே மாவு அரைத்து வைத்திருத்தல் வேண்டும்; வடநாட்டுக் குளிர்காலத்திலோ அம்மாவு விடிந்த பின்னும் புளிக்க மறுக்கும். நேரமில்லாத இத்தகைய வீடுகளை எண்ணியே ஆயத்த உணவுகள் பல உருவாயின. அவற்றுள் ஒன்று டோஸ்டர் பேஸ்ட்ரி. அதன் வரலாற்றையும், அதன் சில வகைகளின் உறைமேல் அச்சிடப்பட்ட 'குறைந்த கொழுப்பு' என்னும் சொற்களின் பொருளையும் இப்பாடத்தில் ஆராய்வோம்.

நம் நாட்டில் பேஸ்ட்ரி என்றவுடன் கிரீம் தடவிய கேக் துண்டே நினைவுக்கு வரும். இது அதுவன்று. மெல்லிய இரண்டு மாவுத் தகடுகளுக்கு இடையே ஜாம் வைத்து, ஓரங்களை அழுத்தி மூடி, செவ்வக வடிவில் சுட்டெடுப்பது. நம் சோமாசியைத் தட்டையாக்கி, எண்ணெயில் பொரிக்காமல் பிஸ்கட்டைப் போல் ஓவனில் சுட்டால் எவ்வாறு இருக்குமோ அவ்வாறு இருக்கும். உறையைப் பிரித்து அப்படியே உண்ணலாம். ரொட்டி வாட்டும் டோஸ்டரில் சிறிது நேரம் வைத்துச் சூடாகவும் உண்ணலாம். தட்டு வேண்டா, கரண்டி வேண்டா, அடுப்பும் வேண்டா.

இவ்வுணவின் பிறப்பிடம் அமெரிக்க ஐக்கிய நாடு. அங்கு மிச்சிகன் மாநிலத்தில் பேட்டில் கிரீக் என்றொரு நகரம் உள்ளது. சோள அவலை உலகெங்கும் பரப்பிய கெல்லாக் நிறுவனமும், அதன் போட்டியாளரான போஸ்ட் நிறுவனமும் அந்நகரில் வளர்ந்தவையே. கெல்லாக் குடும்பத்து மருத்துவர் நடத்திய நலவாழ்வு இல்லத்தில் நோயாளியாகத் தங்கியிருந்தவர் சி. டபிள்யூ. போஸ்ட்; பின்னர் அவரே தனியாக உணவு நிறுவனம் தொடங்கினார். ஆதலின் இவ்விரு நிறுவனங்களின் போட்டி மிகப் பழையது.

1963ஆம் ஆண்டில் போஸ்ட் நிறுவனம், டோஸ்டரில் சூடாக்கி உண்ணத்தக்க புதிய உணவு ஒன்றைக் 'கன்ட்ரி ஸ்கொயர்ஸ்' என்னும் பெயரில் அறிவித்தது. அதன் பின்னணி சற்று வேடிக்கையானது. அந்நிறுவனம் அப்போது ஒரு பெரிய உணவுக் குழுமத்தின் பிரிவாக இருந்தது. அக்குழுமம், ஈரப்பதம் உள்ள நாய் உணவைக் குளிர்பதனப் பெட்டி இன்றியே கெடாமல் வைக்கும் முறையை முன்னரே கண்டிருந்தது. அம்முறையே மனிதரின் காலை உணவுக்கும் வழிகாட்டியது. ஆனால், அறிவிப்பு வெளிவந்த வேகத்தில் உணவு கடைக்கு வரவில்லை. இடைப்பட்ட காலத்தைக் கெல்லாக் நிறுவனம் பயன்படுத்திக்கொண்டது. கிராண்ட் ராப்பிட்ஸ் நகரில் பிஸ்கட் ஆலை ஒன்றை நிருவகித்த வில்லியம் போஸ்ட் என்பவரை நாடி, அத்தகைய உணவை விரைந்து உருவாக்கச் செய்தது. (பெயர் ஒன்றாயினும் இவர் போட்டி நிறுவனத்தாரின் உறவினர் அல்லர்.) 1964இல் 'பாப் டார்ட்ஸ்' விற்பனைக்கு வந்தது. 1967இல் அதன் மேற்புறத்தில், டோஸ்டரின் சூட்டிலும் உருகாத சர்க்கரைப் பூச்சு சேர்ந்தது.

ஜாம் அடங்கிய பண்டம் வாரக்கணக்கில் கெடாமல் இருப்பது எவ்வாறு? உணவைக் கெடுக்கும் பூஞ்சைக்கும் நுண்ணுயிரிகளுக்கும் நீர் தேவை. சர்க்கரை, நீரைத் தன்னோடு பிணைத்துக்கொள்ளும் இயல்புடையது. உணவில் நீர் இருந்தும் அந்நீர் நுண்ணுயிரிகளுக்குக் கிட்டுவதில்லை. நம் வீட்டு மாவடு உப்பினால் காக்கப்படுவதும் ஏறத்தாழ இம்முறையாலேயே. எஞ்சிய வேலையைக் காற்றும் ஈரமும் புகாத உறை செய்துவிடுகிறது. எனவே, இவ்வுணவில் சர்க்கரை சுவைக்காக மட்டும் சேர்வதன்று, காவலுக்காகவும் சேர்வது. இதனை நினைவில் கொள்க.

இனி, கொழுப்பு. 1990இல் அமெரிக்காவில் ஊட்டச்சத்து விவரங்களை உறைமேல் அச்சிடுதல் பற்றிய சட்டம் இயற்றப்பட்டது. 1994 முதல் அவ்விவரப் பட்டியல் கட்டாயமாயிற்று. மக்கள் கொழுப்பை அஞ்சிய காலம் அது. பிஸ்கட், தயிர், ஐஸ்கிரீம் என எல்லாவற்றிலும் 'குறைந்த கொழுப்பு' வகைகள் பெருகின. டோஸ்டர் பேஸ்ட்ரியும் அவ்வரிசையில் சேர்ந்தது.

கொழுப்பை எடுத்துவிட்டால் என்ன நிகழும் என்பதைச் சமையலறையில் வேலை செய்தவர் அறிவர். முறுக்கு மாவில் வெண்ணெய் குறைந்தால் முறுக்கு கல்லாகும். மாவுத் துகள்களைச் சூழ்ந்து நின்று, அவை இறுகப் பிணையாதவாறு தடுப்பது கொழுப்பே. பேஸ்ட்ரியின் பொருபொருப்பு அதனால் வருவது. அதனைக் குறைத்தபின் மென்மையும் சுவையும் வேண்டுமெனில், வேறொன்றைச் சேர்த்தாக வேண்டும். பெரும்பாலும் அவ்விடத்தை நிரப்புவன சர்க்கரையும் சர்க்கரைப் பாகும் மாவுச்சத்தும்.

ஒரு சிறு கணக்கு. 1 கிராம் கொழுப்பு 9 கலோரி ஆற்றல் தரும். 1 கிராம் சர்க்கரை 4 கலோரி தரும். ஒரு துண்டில் 2 கிராம் கொழுப்பைக் குறைத்தால் 18 கலோரி குறையும். அவ்விடத்தில் நாலரை கிராம் சர்க்கரை சேர்ந்தால் அதே 18 கலோரி திரும்ப வந்துவிடும். உறைமேல் இருந்த சொற்கள் பொய்யல்ல. கொழுப்பு மெய்யாகவே குறைந்துள்ளது. எடுத்ததை அச்சொற்கள் கூறின. சேர்த்ததைக் கூறவில்லை, அவ்வளவே.

இவ்விடத்தில் இலக்கணம் நமக்குத் துணைபுரியும். 'குறைந்த' என்பது பெயரெச்சம். இது தனித்து நிற்கும்போது கேட்பவர் உள்ளத்தில் ஒரு வினா எழ வேண்டும்: எதனின் குறைந்தது? 'எதனின்' என்பதிலுள்ள 'இன்', ஐந்தாம் வேற்றுமை உருபு. ஒப்புப் பொருளில் வந்தது. இக்காலத்தில் 'எதைவிட', 'எதைக்காட்டிலும்' என்கிறோம். ஒப்பிடப்படும் பொருளைச் சொல்லாமல் 'குறைந்த' என்று மட்டும் சொல்வது பாதி வாக்கியம். மீதியை நாம்தான் கேட்டுப் பெற வேண்டும்.

அரசுகள் இதற்கு விடையாக அளவு வகுத்துள்ளன. ஆனால், அளவுகோல் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. அமெரிக்க விதி, ஒருவர் ஒரு வேளையில் உண்பதாகக் கொள்ளப்படும் அளவில் 3 கிராமுக்கு மேல் கொழுப்பு இருக்கலாகாது என்கிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விதியோ, திட உணவாயின் 100 கிராமில் 3 கிராமுக்கு மேல் இருக்கலாகாது என்கிறது. டோஸ்டர் பேஸ்ட்ரித் துண்டு ஒன்றின் எடை ஏறத்தாழ 50 கிராம். அதில் 3 கிராம் கொழுப்பு இருந்தால் 100 கிராமுக்கு 6 கிராம் ஆகிறது. அமெரிக்காவில் முன்பு 'குறைந்த கொழுப்பு' எனப் பெயர் பெற்ற அத்தகைய துண்டு, இந்தியாவில் அப்பெயரைப் பெறாது. பண்டம் மாறவில்லை, சொல்லின் எல்லை மாறிவிட்டது.

இன்னொன்றையும் காண வேண்டும். ஓர் உறைக்குள் இருப்பவை இரண்டு துண்டுகள். பட்டியல் ஒரு துண்டுக்கு எழுதப்பட்டிருந்தால், உறை முழுவதையும் உண்பவர் எல்லா எண்களையும் இரண்டால் பெருக்கிக்கொள்ள வேண்டும். பசித்த பிள்ளை ஒரு துண்டை உண்டு மற்றொன்றை மடித்து வைக்கும் என்று நம்புவது கடினம்!

ஆகவே, இவ்வுணவு தீயதா என நீங்கள் வினவலாம். அவசரக் காலையில் வெறும் வயிற்றோடு பள்ளி செல்வதைவிட ஏதேனும் உண்பது நன்று, அதில் ஐயமில்லை. ஆயினும் இதில் புரதமும் நார்ச்சத்தும் குறைவு. விரைவில் மீண்டும் பசிக்கும். சர்க்கரைப் பூச்சுள்ள இரண்டு துண்டுகளில் சர்க்கரை ஏறத்தாழ 30 கிராம் இருக்கும். வேர்க்கடலை ஒரு கைப்பிடி, ஒரு வாழைப்பழம், ஒரு குவளைப் பால் ஆகியவையும் அடுப்பின்றிக் கிடைப்பவையே. அவலைத் தயிரில் ஊறவைக்கக் கால் மணி நேரம் போதும். வசதி என்பது உறைக்குள் மட்டும் இருப்பதன்று என்பது என் கருத்து. உங்கள் கருத்து வேறாயின் வகுப்பில் கூறுக.

சொல்லும் பொருளும்

ஆயத்த உணவு – உடனே உண்ணத்தக்கவாறு முன்னரே செய்யப்பட்ட உணவு
பொருபொருப்பு – கடித்தவுடன் எளிதில் நொறுங்கும் தன்மை
உறை – பண்டத்தைச் சுற்றி மூடிய தாள்

பயிற்சி

1. பேஸ்ட்ரியில் சர்க்கரை சுவைக்காக மட்டும் சேர்வதன்று என்பதை விளக்குக.

2. 40 கிராம் எடையுள்ள பண்டம் ஒன்றில் 2 கிராம் கொழுப்பு உள்ளது. இந்திய விதிப்படி அதன் உறைமேல் 'குறைந்த கொழுப்பு' என்று அச்சிடலாமா? கணக்கிட்டு விடை எழுதுக.

3. 'குறைந்த விலை', 'அதிகச் சுவை', 'கூடுதல் எடை' ஆகியவற்றை, எதனோடு ஒப்பிடப்படுகிறது என்பது விளங்குமாறு முழு வாக்கியங்களாக மாற்றுக.

4. உங்கள் வீட்டிலுள்ள பிஸ்கட் உறை ஒன்றைக் கொணர்க. அதன் பட்டியல் 100 கிராமுக்கு எழுதப்பட்டதா, ஒரு வேளை அளவுக்கு எழுதப்பட்டதா எனக் கண்டு, நீங்கள் நேற்று உண்ட அளவில் இருந்த சர்க்கரையைத் தமிழில் எழுதுக.