பழைய வானொலிப் பெட்டியின் உறுப்புகள்: இனங்காணலும் மறுபயனும்

திருப்பதி–காட்பாடி இருப்புப்பாதையில் தர்மாவரம் கிளை பிரியும் சந்திப்பு பாகாலா. இத்தகைய ஊர்களில் ரேடியோ பழுது பார்க்கும் கடைகளிலும், பள்ளிகளின் பண்டக அறைகளிலும் பழைய வானொலிப் பெட்டிகளும் ஒலிபெருக்கிச் சாதனங்களும் கிடப்பதுண்டு. 1956இல் பூனாவைச் சூழ்ந்த சிற்றூர்களில் சோதனையாகத் தொடங்கிய கிராம வானொலி மன்றங்கள் 1959இல் நாடெங்கும் விரிவுபெற்றன. அக்காலத்தில் சமுதாய வானொலிப் பெட்டிகள் பல ஊர்களை அடைந்தன. இத்தகைய பெட்டிகளை எடைக்குப் போடுமுன், அவற்றிலிருந்து அறிவியல் வகுப்பிற்கு ஆகும் உறுப்புகளைப் பிரித்தெடுத்தல் நன்று.

முதற்கண் காப்பு. வால்வு ரேடியோவில் மின்தேக்கிகள் 250 முதல் 300 வோல்ட் வரை மின்னேற்றம் கொண்டிருக்கும். மின்னிணைப்பைத் துண்டித்த பின்னரும் அது எஞ்சியிருக்கக் கூடும். மின்மாற்றி இல்லாத சில பெட்டிகளில் உலோகச் சட்டமே மின்கம்பியோடு தொடர்புடையது. ஆகவே பிளக்கைப் பிடுங்கிய பின், காப்பிட்ட பிடியுள்ள கம்பிகளின் வழியே 10,000 ஓம், 5 வாட் மின்தடை ஒன்றைத் தேக்கியின் முனைகளுக்கிடையே 10 நொடி இணைத்து, எஞ்சிய மின்னழுத்தத்தை மீட்டரால் அளந்து அறிக. இப்பணியை ஆசிரியரே செய்தல் வேண்டும், மாணவரிடம் விடலாகாது.

மின்தடைகளை வண்ணப் பட்டைகளால் அறியலாம். மஞ்சள், ஊதா, ஆரஞ்சு, வெள்ளி எனின் 47,000 ஓம், பிழை எல்லை 10 விழுக்காடு. அளவு 42,300க்கும் 51,700க்கும் இடைப்பட்டால் கொள்க, இன்றேல் தள்ளுக. பழைய கரித்தடைகள் நாளடைவில் அளவு மிகுதல் இயல்பு.

மைக்கா, பீங்கான் மின்தேக்கிகள் பெரும்பாலும் நெடுநாள் நிற்கும். மெழுகுத்தாள் தேக்கிகள் மின்கசிவு காட்டும். மின்பகு தேக்கிகள் உலர்ந்துவிடும். இவ்விருவகையையும் சோதியாமல் பயன்படுத்தற்க. வீங்கியதையும் ஒழுகியதையும் அறவே விலக்குக.

பெங்களூரில் 1954இல் தோன்றிய பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் வால்வுகளையும் டிரான்சிஸ்டர்களையும் உற்பத்தி செய்தது. ஐரோப்பியக் குறியீட்டில் முதலெழுத்து ‘ஏ’ எனின் ஜெர்மானியம், ‘பி’ எனின் சிலிக்கன். இரண்டாம் எழுத்து ‘சி’ செவியுணர் அலைவெண்ணுக்குரிய டிரான்சிஸ்டரையும், ‘ஒய்’ மின்திருத்தியையும் குறிக்கும். எனவே ஏ.சி.128 ஜெர்மானிய டிரான்சிஸ்டர், பி.ஒய்.127 சிலிக்கன் திருத்தி. எழுத்து அழிந்திருப்பின், மீட்டரின் டயோடு சோதனையில் முன்னோக்கு அழுத்தம் ஜெர்மானியத்திற்கு 0.2–0.3 வோல்ட் அளவிலும், சிலிக்கனுக்கு 0.6–0.7 வோல்ட் அளவிலும் அமையும்.

எட்டு ஓம் எனக் குறித்த ஒலிபெருக்கியை மீட்டர் ஏறத்தாழ 6 ஓம் என்றே காட்டும், இது பழுதன்று. குறிக்கப்பட்டது மாறுமின்னோட்டத்திற்குரிய மறுப்பு. மீட்டர் காட்டுவது கம்பிச்சுருளின் தடை மட்டுமே. வெளியீட்டு மின்மாற்றி 5,000 ஓமை 8 ஓமுக்குப் பொருத்த வேண்டின், சுற்று விகிதம் 625இன் வர்க்கமூலமாகிய 25 ஆகும்.

வகுப்பில் செய்யத்தக்க எளிய சோதனை ஒன்று: இரு ஒலிபெருக்கிகளை நீண்ட இரட்டைக் கம்பியால் இணைத்து, ஒன்றின் கூம்பை விரலால் தட்டுக, மற்றொன்று ஒலிக்கும். அசையும் சுருள் மின்னோட்டத்தைத் தோற்றுவிப்பதும், மின்னோட்டம் சுருளை அசைப்பதும் ஒருங்கே விளங்கும். மின்கலம் வேண்டியதில்லை.

பழைய பற்றாசில் காரீயம் உண்டு. காற்றோட்டமுள்ள இடத்தில் பணிபுரிந்து, பின்னர்க் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுக. செம்புக்காகக் கம்பிகளை எரித்தல் கூடாது; அதன் மேலுறையிலிருந்து நச்சுப்புகை எழும். எஞ்சிய கழிவை, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் 2022இன்படி, பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்ப்பிக்க ஏற்பாடு செய்க. தேறிய உறுப்புகளை அளவெழுதிய சிற்றுறைகளில் இட்டு வைப்பின், ஆய்வுக்கூடத்திற்கு அவை பல்லாண்டு உதவும்.