கொத்தவரை விதையை விதைக்கும் முன்

நம் பக்கம் கொத்தவரங்காயைப் பிஞ்சிலேயே பறித்துப் பொரியலும் வற்றலும் போட்டுவிடுகிறோம். ராஜஸ்தானில் அதைச் செடியிலேயே முற்றவிட்டு, விதைக்காகவே பயிரிடுகிறார்கள். ஜோத்பூரில் அந்த விதையிலிருந்து குவார் பிசின் எடுக்கும் ஓர் ஆலையின் தரப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவன் நான். அங்கே கற்றதைச் சொல்கிறேன்.

மூட்டை வந்ததும் முதலில் நிறத்தைத்தான் பார்ப்போம். வெளிறிய சாம்பல் நிறம் என்றால் நல்ல விதை. கறுத்திருந்தால், காய் முற்றும்போது மழையில் நனைந்தது. பிசின் தரம் இறங்கிவிடும். ராஜஸ்தானின் பார்மரிலும் பீகானேரிலும் ஜூலை மழைக்கு விதைத்து, வானம் வெளுத்த பிறகு அக்டோபர், நவம்பரில் அறுக்கிறார்கள். நமக்கோ அதுதான் அடைமழைக் காலம். இங்கே விதைக்காகப் போடுகிறவர்கள் அறுவடை ஐப்பசி, கார்த்திகையில் விழாதபடி நாள் பார்க்க வேண்டும். தண்ணீர் தேங்கும் நிலமும் வேண்டாம். வறட்சியைத் தாங்கும் இந்தச் செடி வேரில் தண்ணீர் நிற்பதைத் தாங்காது.

விதையை உடைத்தால் தோலுக்கும் முளைக்கருவுக்கும் இடையே கெட்டியான வெள்ளைப் பகுதி இருக்கும். எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. பிசின் அதில்தான். அதை அரைத்த மாவை நீரில் மொத்தமாகக் கொட்டினால் உள்ளே ஈரம் படாத கட்டிகளாகிவிடும். வேகமாகக் கலக்கிக்கொண்டே சிறுகத் தூவ வேண்டும். நூறு மில்லி நீருக்கு ஒரு கிராம் போதும், கொஞ்ச நேரத்தில் கூழாகிவிடும். ஐஸ்கிரீமில் பனித்துகள் பெருக்காமல் காப்பதும், துணி அச்சில் சாயம் பரவாமல் நிறுத்துவதும், எண்ணெய்க் கிணறுகளில் பாறை வெடிப்புக்குள் மணலைச் சுமந்து செல்வதும் இந்தக் கெட்டித்தன்மைதான்.

அமெரிக்க எண்ணெய்க் கிணறுகளின் தேவையால் 2012-இல் ஒரு குவிண்டால் விதை 30,000 ரூபாய் அளவுக்கு ஏறியது. அந்த மார்ச்சில் முன்பேர வணிகத்தையே நிறுத்தினார்கள். பிறகு விலை சரிந்தது. பிசின் விலையை மட்டும் நம்பி இருக்கிற நிலம் முழுக்கப் போடாதீர்கள் என்பேன். கம்போடு கலந்து விதைக்கும் ராஜஸ்தான் வழக்கம் எனக்குப் பிடிக்கும். ஒன்று கைவிட்டாலும் இன்னொன்று வரும், கொத்தவரையின் வேர்முடிச்சால் மண்ணுக்குத் தழைச்சத்தும் சேரும்.

காய்கறிக்கான பூசா நவ்பஹார் ரகம் விதைச் சாகுபடிக்கு ஏற்றதல்ல. ஆர்.ஜி.சி. 936, எச்.ஜி. 365 போன்ற விதை ரகங்களைக் கேட்டு வாங்குங்கள். வாங்குவதற்கு ஆள் உண்டா என்பதையும் முன்கூட்டியே விசாரியுங்கள். பிசின் எடுத்தபின் மிஞ்சும் முளைக்கருத் தூளான கோர்மா புரதம் நிறைந்த மாட்டுத் தீவனம். கோழிக்கு என்றால் வறுத்ததை மட்டும், அதுவும் அளவோடு கொடுங்கள்.