சின்ன பட்ஜெட்டில் கேமிங் கம்ப்யூட்டர்

வலியசாலை அக்ரகாரத்து வீட்டுப் பிள்ளைக்கு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யுமுன் கவனிக்க:

* கிராபிக்ஸ் கார்டுக்கு இப்போது பணம் போதவில்லையா? ரைசன் 5 5600ஜி போல கிராபிக்ஸ் உள்ளடங்கிய பிராசஸரே போதும். வாலரன்ட், ஜிடிஏ 5 ஓடும். கார்டைப் பிறகு சேர்க்கலாம்.

* 16 ஜிபி ரேமை 8 ஜிபி வீதம் இரண்டாக வாங்கிப் போட்டால் இந்த பிராசஸரில் கேம் வேகம் கூடும்.

* எஸ்எம்பிஎஸ்ஸில் மிச்சம் பிடிக்காதீர்கள். மட்டமானது பழுதானால் மதர்போர்டையும் சேர்த்துக் கெடுக்கலாம்.

* செகண்ட் ஹேண்ட் கார்டு என்றால் அரை மணி நேரம் கேம் ஓட்டிப் பாருங்கள். திரையில் கோடு, புள்ளி தெரிந்தால் வேண்டாம்.

* அக்ரகாரத்துப் பழைய வீடுகளில் கம்ப்யூட்டரை இணைக்குமுன் எர்த் இணைப்பை எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதியுங்கள்.

* பில்லில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணையும் எழுதி வாங்குங்கள். வாரண்டி கேட்கும்போது கைகொடுக்கும்.