கையால் தொடங்கும் கல்வி
(சிறு பிள்ளைக்கு வீட்டில் வாசிப்பும் கணக்கும் விஞ்ஞானமும்)

விஜயதசமி நாட்காலையில் ஆலய மண்டபத்தில் ஏடு தொடக்கல் நடைபெறுவதைக் காணாத அடியார் எவரும் இருக்க முடியாது. குருக்கள் மூன்று வயதுப் பிள்ளையை மடியில் இருத்தி, தாம்பாளத்தில் பரப்பிய பச்சையரிசியில் அதன் சுட்டுவிரலைப் பிடித்து ‘அ’ எழுதுவிக்கிறார். சில பிள்ளைகள் அழும். சில அரிசியை அள்ளி வாயில் போடும். ஆயினும் அந்தச் சடங்கினுள் ஒரு நல்லாசிரியரின் அறிவு அடங்கியிருக்கிறது. அங்கே பென்சில் இல்லை, கொப்பி இல்லை. எழுத்தின் வளைவை விரல் உணர்கிறது, வாய் அதன் ஒலியைச் சொல்கிறது, கண் பார்க்கிறது. பிழைத்தால் அரிசியைத் தடவிவிட்டு மீண்டும் எழுதலாம்.

அந்த அரிசித் தாம்பாளம் அன்றோடு மறைந்துவிடுவதுதான் குறை. பிள்ளை தரம் 1 இற் சேர்ந்ததும் கொப்பியும் பென்சிலும் வருகின்றன. அடுத்து ரியூசன் வருகிறது. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கு நான்கு வருடம் இருக்கும்போதே வீட்டில் அதைப் பற்றிய பேச்சுத் தொடங்கிவிடுகிறது. ஆறு வயதில் கணக்குப் பிழைத்த பிள்ளைக்கு ‘மொக்கு’ என்ற பெயர் கிடைக்கிறது. அந்தப் பெயரைப் பிள்ளை நம்பிவிட்டால், பிறகு எந்த ஆசிரியராலும் அதை இலகுவில் அழிக்க முடியாது.

இன்னொரு புறத்தில், இடப்பெயர்வுகளால் தமது படிப்பு இடைநடுவில் முறிந்துபோன பெற்றோர் பலர், “எங்களுக்கு என்ன தெரியும், சேர்தான் சொல்லிக் குடுக்க வேணும்” என்று ஒதுங்கிக்கொள்கின்றனர். நெல்லைக் கொத்தாலும் புசலாலும் அளந்தவருக்கும், வலைக்கண்ணை விரலால் அளந்து முடிந்தவருக்கும் கணக்குத் தெரியாது என்று யார் சொன்னது? ஆறு வயதுப் பிள்ளைக்குத் தேவையான கல்வியை வழங்க, பொறுமையுள்ள ஒருவரும் நாளுக்கு இருபது நிமிடமும் வீட்டில் கிடக்கும் பொருள்களும் போதும்.

இது கிராமத்துப் பேச்சு மாத்திரமன்று. மரியா மொன்ரிசோரி என்ற இத்தாலிய மருத்துவப் பெண்மணி 1907 ஆம் ஆண்டு உரோம் நகரின் வறியவர் வாழ்ந்த சான் லொரென்சோ பகுதியில் ஒரு சிறுவர் இல்லத்தைத் தொடங்கினார். அரத்தாளில் வெட்டிய எழுத்துகளைப் பிள்ளைகள் விரலால் தடவிப் பழகினர். மணிகளைக் கம்பியிற் கோத்து, தனி மணி ஒன்று, பத்து மணிச் சரம், நூறு மணிச் சதுரம், ஆயிரம் மணிக் கனம் என்று கையிற் கொடுத்து எண்ணைக் கற்பித்தனர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இந்தியாவில் தங்கியிருந்த அவர், 1944 இல் இலங்கைக்கும் வந்து ஆசிரியர்களுக்கு விரிவுரை நிகழ்த்தினார். அவருடைய அரத்தாள் எழுத்தும் எமது தாம்பாளத்து அரிசியும் தூரத்து உறவினர் அல்ல.

கணக்கிலிருந்து தொடங்குவோம், வீடுகளில் கண்ணீர் அதிகம் சிந்துவது அங்கேதான். ஒரு அம்மம்மாவும் ஆறு வயதுப் பேரனும் திண்ணையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முன்னால் சுளகில் புளியங்கொட்டைகள். “எத்தினை கொட்டை இருக்குது ராசா?” பேரன் தொட்டுத் தொட்டு ஏழு வரை எண்ணுகிறான். “அப்ப எத்தினை?” என்று மறுபடியும் கேட்டால், சில பிள்ளைகள் திரும்பவும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கும். எண்ணத் தெரிந்தும், கடைசியாகச் சொன்ன ‘ஏழு’ தான் அந்தக் கூட்டத்தின் அளவு என்பது அதற்கு இன்னும் பிடிபடவில்லை. இதைத் திட்டித் திருத்த முடியாது. ஏழு கொட்டையை நீளமாக அடுக்கி, வட்டமாக அடுக்கி, குவித்து வைத்து எண்ணவிட்டால் சில கிழமைகளில் தானே தெளிந்துவிடும்.

சுவிற்சர்லாந்து அறிஞர் பியாஜே காட்டிய ஒரு சோதனையையும் வீட்டிற் செய்து பார்க்கலாம். ஒரேயளவான இரண்டு கிளாசில் சமமாகத் தண்ணீர் வார்த்து, பிள்ளையின் கண்முன்னே ஒன்றை ஒடுங்கிய உயரமான போத்தலில் ஊற்றி, “எதிலை கூடத் தண்ணி?” என்று கேளுங்கள். ஐந்து வயதுப் பிள்ளை பெரும்பாலும் போத்தலையே காட்டும். ஏழு வயதளவில் அதே பிள்ளை, “ரெண்டும் ஒண்டுதானே” என்று சொல்லும். இடையில் நடப்பது வளர்ச்சி. எனவே அயல்வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பார்ப்பதில் பொருளில்லை.

அடுத்தது பத்துகள். இதற்குத் தென்னோலை ஈர்க்கைப் போல உதவும் பொருள் வேறில்லை. விரல் நீளத்திற்கு ஈர்க்குகளை முறித்து, பத்துப் பத்தாக எண்ணி நூலாற் கட்ட வேண்டும். கட்டுவதும் பிள்ளையே. முப்பத்திரண்டு என்றால் மூன்று கட்டும் இரண்டு தனி ஈர்க்கும். இப்போது அம்மம்மா, “எனக்குப் பதினேழு தா” என்கிறார். ஏழு தனி ஈர்க்குக் கொடுக்கவேண்டும், இருப்பதோ இரண்டு. பேரன் விழிக்கிறான். விழிக்க விட வேண்டும். பிறகு அவனாகவே ஒரு கட்டை அவிழ்ப்பான். அவிழ்த்தால் தனி ஈர்க்குப் பன்னிரண்டு. ஏழைக் கொடுக்க மீதி ஐந்து. கட்டில் ஒன்றைக் கொடுக்க மீதி ஒன்று. விடை பதினைந்து.

கொப்பியில் இதே 32 இலிருந்து 17 ஐக் கழிக்கச் சொன்னால் 25 என்று எழுதும் பிள்ளைகள் ஏராளம். இரண்டிலிருந்து ஏழு போகாது என்பதால் ஏழிலிருந்து இரண்டைக் கழித்துவிடுவார்கள். ‘பக்கத்து வீட்டில் கடன் வாங்கு’ என்று சொல்லிக் கொடுப்பதும் அதிகம் உதவுவதில்லை. வாங்கிய கடனை எப்போது திருப்பிக் கொடுப்பது என்று ஒரு பிள்ளை கேட்டால் என்ன பதில் சொல்வது? கட்டை அவிழ்த்த கைக்கு அந்தச் சந்தேகம் வராது. ஒரு மாதம் ஈர்க்கோடு செய்த பின்பு, ஈர்க்கும் எழுத்துமாகச் சேர்த்துச் செய்து, கடைசியில் ஈர்க்கை விடலாம். பிள்ளை தானாகவே அதை விட்டுவிடும்.

இங்கே தமிழ் மொழியும் கைகொடுக்கிறது. பதினேழு என்ற சொல்லுக்குள் பத்தும் ஏழும் இருக்கின்றன. இருபது என்றால் இரண்டு பத்து. ஆங்கிலத்தில் இலெவன், ருவெல்வ் என்று சொல்லும்போது பத்து எங்கே என்று பிள்ளைக்குத் தெரியாது. முன்பள்ளிப் பிள்ளை ஆங்கிலத்தில் எண்ணுவதைக் கேட்டு மகிழ்வதிற் தவறில்லை, ஆனால் கணக்கைத் தாய்மொழியில் எண்ணியே விளங்க வேண்டும். தமிழிலும் ஓர் இடறல் உண்டு. எண்பத்தொன்பதின் பின் ‘தொண்ணூறு’ வருகிறது. அதன் பின்பாதி நூறு போல ஒலிப்பதால் பிள்ளை குழம்பும். ‘தொள்ளாயிரம்’ ஆயிரம் போல ஒலிப்பதும் அப்படியே. ஒன்பது ஈர்க்குக் கட்டை முன்னால் வைத்து, “இதுக்குப் பேர் தொண்ணூறு” என்று காட்டிவிட்டால் போதும்.

வாசிப்புக்கு வருவோம். தமிழ் எழுத்து 247 என்று கேட்டதும் தாய்மார் பயந்துவிடுகின்றனர். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. இவற்றோடு உயிர்மெய்க் குறிகளைப் பழகினால் 216 உயிர்மெய்யும் பெரும்பாலும் வசப்பட்டுவிடும். ஆனால் முழுவதையும் மனனம் செய்த பின்புதான் சொல்லுக்குப் போகவேண்டும் என்று காத்திருப்பது, நெல் முழுவதையும் குற்றிய பின்தான் உலை வைப்பேன் என்பது போன்றது. பிஸ்கற் பெட்டி மட்டையில் ப, ட, ம, ர என்ற நான்கையும் ம், ட் என்பவற்றையும் எழுதி வெட்டிக் கொடுத்தால், அன்றைக்கே படம், மரம், பட்டம் என்று பிள்ளை அடுக்கி வாசிக்கும். மறுநாள் ‘ா’ குறிக்கு ஒரு மட்டை. படம் பாடமாகும். தான் ஒரு குறியை வைக்கச் சொல்லே மாறிவிட்டது என்று பிள்ளை காணும் மகிழ்ச்சியை எந்த மனனமும் தராது.

‘கெ’, ‘கே’, ‘கை’ என்பவற்றில் கவனம் வேண்டும். குறி முன்னால் நிற்கிறது. அதன் ஒலியோ பின்னால் வருகிறது. இடமிருந்து வலமாக வாசிக்கப் பழகிய பிள்ளை இங்கே தடுமாறுவது இயல்பு. குறியைத் தனி மட்டையாகக் கொடுத்து வைக்கச் செய்தால் தடுமாற்றம் குறையும். அதுபோலக் கடல், பகல், தங்கம் என்ற மூன்றிலும் ‘க’ மூன்று விதமாக ஒலிப்பதைப் பெரியவர்கள் கவனிப்பதில்லை, பிள்ளை கவனிக்கும். கேட்டால், “ஓம், நீ சொன்னது சரி” என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆறுமுக நாவலர் 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியதோடு நில்லாது, பிள்ளைகள் படிக்கப் பாலபாடங்களையும் எழுதினார். பிள்ளைக்கு வாசிக்க ஏற்ற நூல் வேண்டும் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார். இன்றைக்கு வீட்டில் அத்தகைய நூல் ஒன்றும் இல்லையென்றால் அதைப் பிள்ளையைக் கொண்டே உண்டாக்கலாம். பிள்ளை சொல்லும் ஒரு வசனத்தைப் பெரியவர் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுக்க, பிள்ளை விரல் வைத்து வாசிக்க வேண்டும். தான் சொன்ன சொல் என்பதால் ஆசையோடு வாசிக்கும். பாராமல் ஒப்புவிக்கிறதா, உண்மையில் வாசிக்கிறதா என்று அறிய, நடுவிலுள்ள ஒரு சொல்லைத் தொட்டுக் கேட்டாற் போதும்.

அந்த வசனங்களுக்கு விடயம் தருவது விஞ்ஞானம். 1997 ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தம் ஆரம்ப வகுப்புகளுக்குச் ‘சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்’ என்று ஒரு பாடத்தையே வகுத்தது. வீட்டில் அதற்கு ஒரு வாளி தண்ணீர் போதும். தேங்காய், ஆணி, கல், காய்ந்த மட்டை. ஒவ்வொன்றையும் போடுமுன், “மிதக்குமோ, தாழுமோ?” என்று முதலிற் சொல்லவிட வேண்டும். பிள்ளை முன்கூட்டி ஒன்றைச் சொன்னால்தான் கவனித்துப் பார்க்கும். ‘பாரமானது தாழும்’ என்று பிள்ளை ஒரு முடிவுக்கு வரும்போது, பெரிய தேங்காய் மிதக்கும், சிறிய ஆணி தாழும். அப்போது விளக்கம் சொல்ல அவசரப்படக் கூடாது. பிறகு ஒரு புதிய முட்டையை நல்ல தண்ணீரிற் போட்டால் தாழும்; ஒரு கிளாஸ் தண்ணீரில் இரண்டு மூன்று மேசைக்கரண்டி உப்பைக் கரைத்துப் போட்டால் மிதக்கும். கடலில் மிதப்பது இலகு என்பதை அறிந்த கரையோரப் பிள்ளை அதற்குரிய காரணத்தைத் தானே ஊகிக்கவும் கூடும். ‘முட்டை உப்புத் தண்ணீரில் மிதந்தது.’ அன்றைய வாசிப்புப் பாடம் அதுதான்.

முற்றத்தில் ஒரு தடியை நேராக நட்டு, நிழலின் நுனியில் காலை, மத்தியானம், பின்னேரம் மூன்று கல் வைக்கலாம். நிழலைச் சாணால் அளந்தால் கணக்கும் ஆயிற்று. வட பகுதியில் சித்திரை வருடப்பிறப்பை ஒட்டிய நாள்களில், நண்பகல் 12 மணி கழிந்து சில நிமிடங்களில் தடியின் நிழல் ஏறக்குறைய முழுவதும் அடிக்குள் ஒடுங்கிவிடும். சூரியன் அப்போது நேர் உச்சியில் நிற்கும். பிள்ளை நிழலைப் பார்க்கட்டும், சூரியனை ஒருபோதும் நேரே பார்க்கக் கூடாது.

பூசை அறையிலும் பாடம் இருக்கிறது. மணியை அடித்தவுடன் மெல்லத் தொட்டால் விரல் அதிர்வை உணரும். இறுகப் பிடித்தால் ஒலி நிற்கும். ஒரு கட்டிக் கர்ப்பூரத்தைத் திறந்து வைத்தால் நாளுக்கு நாள் சிறுத்துப் போகும், ஆனால் அந்த இடம் ஈரமாவதில்லை. திண்மம் உருகாமலே ஆவியாகும் இதைப் பதங்கமாதல் என்று மேல்வகுப்பிற் படிப்பார்கள். கர்ப்பூரத்தை உட்கொண்டால் சிறு பிள்ளைக்குக் கடும் நஞ்சு. ஆகையால் இதைப் பிள்ளையின் கைக்கு எட்டாத உயரத்தில் வைத்துப் பெரியவரே காட்ட வேண்டும்.

நேரத்தைப் பற்றி ஒன்று. பிள்ளை கொட்டாவி விட்டாலோ ஈர்க்கை வாளாக்கி விளையாடத் தொடங்கினாலோ பாடம் முடிந்துவிட்டது என்று பொருள். உயர்தரம் படிக்கும் அக்காவோ அண்ணாவோ சொல்லிக் கொடுப்பது நல்லதே. ஆனால் அவர்களுக்குப் பொறுமை குறைவு. பிள்ளை விழிக்கும்போது தாமே விடையைச் செய்து காட்டிவிடுவார்கள். அக்கா தன் இரு கைகளையும் மடிமேல் வைத்துக்கொண்டு இருக்கட்டும். முப்பத்திரண்டில் ஒரு கட்டை அவிழ்க்கும் வேலை பிள்ளையுடையது.