பழைய இசைத்தட்டில் பாடகர் குழுவைக் கேட்க

ஆல்பர்ட் கோட்ஸ் நடத்த, 1929இல் லண்டனில் பதிவான பாக்கின் பி மைனர் மாஸ் போன்ற கூட்டுப்பாடல்கள், நிமிஷத்துக்கு 78 சுற்றுச் சுழலும் அரக்குத் தட்டுகளாய் உங்கள் இல்லத்தில் இருக்குமாயின், அரக்கையே கரைத்துவிடுமாதலால் ஸ்பிரிட்டைத் தொடாது, தருமபுரிக் கோடையின் புழுதியை உலர்ந்த மென்தூரிகையால் வரிப்பள்ளங்களின் போக்கிலேயே நீக்கி, வெயில் படாத அலமாரியில் நிமிர்த்தி வைப்பதே உத்தமம். கிராமபோன் பெட்டியாயின் பக்கத்துக்கொரு எஃகு ஊசி மாற்றுக. மின்சார இயந்திரமாயின் எல்.பி. ஊசி ஆகாது, 78க்கென்றே உள்ள ஊசி வேண்டும்.

நான்கைந்து நிமிஷத்தில் பக்கம் முடிந்துவிடுவதைக் குறையாகக் கருதாமல், முதன்முறை கீழ்ஸ்தாயி ஆண்குரல்களை மட்டும் பின்தொடர்ந்து, அதே பக்கத்தை மறுபடி வைத்து மேல்ஸ்தாயிப் பெண்குரல்களைக் கவனித்தால், இரைச்சலுக்கு அப்பால் குரல்வரிசைகள் ஒவ்வொன்றாய்ப் பிரிந்து துலங்கும் அந்த ஆனந்தத்தை என்னென்பது! 1925க்கு முந்திய பதிவுகளிலோ, மைக்ரோபோனின்றிப் பதிவுப் புனலின் முன் நெருங்கி நின்று பாடினராதலால், பெருங்குழுவின் கம்பீரத்தை எதிர்பார்க்க வேண்டாம்.