கதையில் உங்களுக்கும் ஒரு வேலை: ஊடாடும் ஊடகம் பற்றி ஒரு பாடம்



வில்லுப்பாட்டு பார்த்திருக்கிறீர்களா? தலைமைப் பாடகர் ஒரு செய்தியைச் சொன்னதும், பக்கத்தில் குடமும் உடுக்கையும் வைத்திருப்பவர்கள் "ஆமா" போடுவார்கள். "அப்புறம் என்ன ஆச்சு?" என்று இடையில் ஒரு கேள்வியும் போடுவார்கள். கீழே பாயில் உட்கார்ந்திருக்கிற நாம் கேட்க நினைத்ததைத்தான் அவர்கள் நமக்காகக் கேட்கிறார்கள். அந்த "ஆமா"வை எடுத்துவிட்டால் வில்லுப்பாட்டு வெறும் சொற்பொழிவாகிவிடும். வானொலியில் "நேயர் விருப்பம்" வந்த காலத்தில் நம்ம தாத்தா பாட்டி கடிதம் எழுதிப் போட்டுவிட்டு, தங்கள் பெயரை அறிவிப்பாளர் வாசிப்பாரா என்று காது கொடுத்துக் காத்திருந்ததும் இதே ஆசையால்தான். கேட்கிறவருக்கும் கதையில் ஓர் இடம் வேண்டும்.

இன்றைக்கு அந்த இடம் நம் கைப்பேசிக்குள் வந்துவிட்டது. நாம் ஏதாவது செய்தால் பதிலுக்குத் தானும் ஏதாவது செய்கிற ஊடகத்தை "ஊடாடும் ஊடகம்" என்கிறோம். வாக்களிக்கச் சொல்லும் செய்தி, வரைபடத்தைத் தொட்டால் விவரம் தரும் கட்டுரை, முடிவை நம்மையே எடுக்கச் சொல்லும் கதை எல்லாம் இதில் அடங்கும்.

ஆனால் ஒரு கேள்வி இருக்கிறது. திரையில் ஒரு பட்டன் இருந்தாலே அது ஊடாடல் ஆகிவிடுமா? ஆகாது. நமக்கு ஒரு வேலை கொடுக்க வேண்டும். நாம் செய்த அந்த வேலையால் கதையில் ஏதாவது மாற வேண்டும். அப்போதுதான் நாம் உள்ளே போகிறோம். இதை மூன்று உதாரணங்களோடு பார்ப்போம்.

1. முதலில் ஊகம், பிறகு உண்மை

2015 மே மாதம் "தி நியூயார்க் டைம்ஸ்" நாளிதழ் தன் இணையப் பக்கத்தில் ஒரு காலிக் கட்டத்தை வெளியிட்டது. கீழ்க்கோட்டில் பெற்றோரின் வருமானம், ஏழைக் குடும்பத்திலிருந்து பணக்காரக் குடும்பம் வரை. பக்கக்கோட்டில் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகளில் நூற்றுக்கு எத்தனை பேர் கல்லூரிக்குப் போகிறார்கள் என்ற அளவு. கோடு மட்டும் இல்லை. "நீங்களே வரையுங்கள்" என்று வாசகரிடம் விட்டுவிட்டார்கள்.

வாசகர் விரலால் கோடு போட்ட பிறகுதான் உண்மையான கோடு தெரியும். அது ஏறக்குறைய நேர்கோடு. வருமானம் ஒரு படி ஏறினால், கல்லூரி வாய்ப்பும் அதே போல ஒரு படி ஏறுகிறது. நாம் வரைந்த கோட்டுக்கு ஏற்றபடி கீழே வரும் விளக்கமும் மாறியது.

இதையே ஒரு வரிச் செய்தியாகப் படித்தால் "ஓ, அப்படியா" என்று தள்ளிவிட்டுப் போயிருப்போம். சொந்தக் கையால் ஒரு கோடு போட்ட பிறகு அப்படிப் போக முடியாது. நம் கோடும் உண்மைக் கோடும் விலகி நிற்கும்போது, "நான் ஏன் அப்படி நினைச்சேன்?" என்ற கேள்வி தானாக வரும். செய்தி மனசில் நிற்பது அந்த இடைவெளியில்தான். வகுப்பு எடுக்கிறவர்களும் பேச்சாளர்களும் இதைக் கவனிக்க வேண்டும். எண்ணைச் சொல்வதற்கு முன்னால் சபையை ஊகிக்கச் சொல்லுங்கள். கைப்பேசியே தேவையில்லை, கையைத் தூக்கச் சொன்னாலே போதும்.

2. வாசகரின் உழைப்பு

2009-ஆம் ஆண்டு பிரிட்டனில் ஒரு பெரிய விவகாரம் வெடித்தது. நாடாளுமன்ற உறுப்பினர்கள் தங்கள் வீட்டுச் செலவுகளையெல்லாம் பொதுப் பணத்தில் கணக்குக் காட்டியது வெளியே வந்தது. "டெய்லி டெலிகிராப்" நாளிதழ் மே மாதம் அதை முதலில் வெளியிட்டது. ஜூன் மாதம் நாடாளுமன்றமே அந்த ரசீதுகளையும் படிவங்களையும் பொதுவில் போட்டது. மொத்தம் 4 லட்சத்து 50 ஆயிரம் பக்கங்களுக்கு மேல்!

"தி கார்டியன்" நாளிதழில் அத்தனையையும் படிக்க ஆள் ஏது? அதனால் வாசகர்களையே கூப்பிட்டார்கள். ஒவ்வொரு பக்கமும் திரையில் வரும். கீழே நான்கு பட்டன்கள். இதில் ஒன்றுமில்லை, இது கவனிக்கத்தக்கது, கவனிக்கத்தக்கதுதான் ஆனால் ஏற்கெனவே தெரிந்தது, இதை விசாரிக்க வேண்டும். அவ்வளவுதான். முதல் 80 மணி நேரத்தில் 20,000-க்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்து சுமார் 1 லட்சத்து 70 ஆயிரம் பக்கங்களைப் பார்த்து முடித்தார்கள். யாருக்கும் சம்பளம் கிடையாது.

ஏன் செய்தார்கள்? வேலை சின்னது, யாரும் செய்யலாம். எவ்வளவு முடிந்தது என்று காட்டும் அளவுகோல் முகப்பிலேயே இருந்தது. அந்தந்த உறுப்பினரின் படத்தைப் பக்கத்தில் வைத்ததும் இன்னும் நிறைய பேர் கலந்துகொண்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, அது அவர்கள் கட்டிய வரிப்பணம். கோவிலில் அன்னதானத்துக்குக் காய் நறுக்க ஐம்பது பேர் உட்காருவதில்லையா? மலை போல இருக்கிற வேலை பேச்சோடு பேச்சாக முடிந்துவிடும். பங்கு சின்னதாக இருந்தாலும் பயன் கண்ணுக்குத் தெரிந்தால் மக்கள் வருவார்கள்.

3. முடிவு எடுக்கும் சுமை

2017-இல் பிரான்ஸில் உருவான "பரி மீ, மை லவ்" என்ற கைப்பேசி விளையாட்டைச் சிலர் அறிந்திருக்கலாம். சிரியா போரிலிருந்து ஐரோப்பாவுக்குத் தப்பிப் போகிறாள் நூர் என்ற பெண். ஊரிலேயே இருக்கும் அவள் கணவன் மஜ்த்தான் நாம். நமக்கும் அவளுக்கும் நடுவில் இருப்பது குறுஞ்செய்தி மட்டுமே. "படகில் ஏறவா, காத்திருக்கவா?" என்று அவள் கேட்பாள். நாம் பதில் போட வேண்டும். சில நேரம் அவளிடமிருந்து பல மணி நேரம் பதிலே வராது. கதைக்கு 19 முடிவுகள் உண்டு. எல்லாம் நல்ல முடிவுகள் இல்லை.

இதன் வேர் ஒரு செய்திக் கட்டுரை. உண்மையாகவே அப்படிப் பயணம் செய்த ஒரு சிரியப் பெண் புலனத்தில் குடும்பத்தோடு பேசிய உரையாடல்களை வைத்து "லெ மோந்த்" நாளிதழ் 2015-இல் வெளியிட்ட கட்டுரை அது. விளையாட்டை உருவாக்கும்போது அந்தப் பெண்ணையும் கலந்து பேசினார்கள்.

அகதிகள் பற்றி எத்தனையோ செய்திகளைப் பார்த்துக் கடந்து போகிறோம். இங்கே அப்படிக் கடந்து போக முடியாது. நாம் சொன்ன யோசனைதான் அவளை அந்தப் பாதையில் அனுப்பியது. "அவளுக்கு ஏன் வேறு வழியே இல்லை?" என்று நாமே கேட்கத் தொடங்குவோம்.

பட்டன் மட்டும் போதுமா?

போதாது என்பதை இந்தத் துறையில் இருப்பவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். 2016-இல் நியூயார்க் டைம்ஸின் வரைகலைப் பிரிவைச் சேர்ந்த ஆர்ச்சி ட்சே, ஊடாடும் பக்கங்களைத் தாங்கள் குறைத்துக்கொண்டு வருவதாகவே சொன்னார். பெரும்பாலான வாசகர்கள் கீழே தள்ளிக்கொண்டே போகத்தான் விரும்புகிறார்கள். அவர்களைத் தட்டச் சொன்னால், தட்டியதற்கு ஏற்ற பலன் கிடைக்க வேண்டும் என்பது அவர் கருத்தின் சாரம். முக்கியமான செய்தியைப் பட்டனுக்குப் பின்னால் ஒளித்து வைத்தால் பலர் அதைப் பார்க்காமலேயே போய்விடுவார்கள்.

நம் நிகழ்ச்சிகளுக்கும் இது பொருந்தும். "உங்களுக்குப் பிடித்த பண்டிகை எது?" என்று வாக்கெடுப்புப் போட்டுவிட்டு, முடிவை வைத்து ஒன்றுமே செய்யாவிட்டால் அடுத்த முறை யார் வாக்களிப்பார்கள்?

நாமும் கதைக்குள்தான் இருக்கிறோம்

இதுவரை மற்றவர் செய்த கதைகளைப் பார்த்தோம். தினமும் நாம் செய்கிற ஊடாடல் ஒன்று இருக்கிறது. புலனத்தில் வந்த செய்தியை அடுத்தவருக்கு அனுப்புவது.

2018 நவம்பர் இறுதியில் சுபாங் ஜெயா சீபீல்ட் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்தில் நடந்ததை நம்மில் யாரும் மறக்கவில்லை. ஆலய நிலமும் இடமாற்றமும் சம்பந்தப்பட்ட தகராறு அது. ஆனால் அது இனக்கலவரம் என்ற பேச்சு சமூக ஊடகங்களில் வேகமாகப் பரவியது. அது இனப் பிரச்சினை இல்லை என்று அரசாங்கம் விளக்க வேண்டியிருந்தது. பணிக்கு வந்த இடத்தில் படுகாயமடைந்த தீயணைப்பு வீரர் முகமட் அடிப் டிசம்பரில் உயிரிழந்தார். ஒரு குடும்பம் பிள்ளையை இழந்தது.

அந்த மாதிரி இரவில் நம் கைக்கு ஒரு காணொலி வருகிறது என்று வையுங்கள். அனுப்புவதும் நிறுத்துவதும் நம் விரலில் இருக்கிறது. கற்பனைக் கதையில் தவறாகத் தேர்ந்தெடுத்தால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கலாம். இங்கே அந்த வசதி இல்லை. யார் எடுத்தது, எப்போது எடுத்தது, எந்த ஊரில் எடுத்தது? இந்த மூன்றுக்கும் பதில் தெரியாவிட்டால் அனுப்பாதீர்கள். கண்டிப்பாக அனுப்பச் சொல்லி யாராவது அவசரப்படுத்தினால், "அண்ணே, இது எங்கேயிருந்து வந்துச்சு?" என்று மரியாதையாகவே கேளுங்கள்.

செய்து பார்ப்போம்: நம் தோட்டத்துக் கதை

1950-களின் இறுதியில் மலாயாவில் பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கத் தொடங்கினார்கள். தலைமுறையாகப் பால்மரம் சீவிய குடும்பங்கள் வேலையையும் வீட்டையும் சேர்த்து இழந்தன. அதற்கு ஒரு பதிலாகத்தான் துன் வீ. தி. சம்பந்தன் முயற்சியில் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிப் பங்கு சேர்ந்தார்கள். அந்தப் பணத்தில் தோட்டங்கள் வாங்கப்பட்டன.

இதை ஊடாடும் கதையாகச் செய்து பாருங்கள். ஐந்து பேர் கொண்ட குழு போதும்.

முதலில் உங்கள் வட்டாரத்தில் தோட்டத்தில் வாழ்ந்த மூன்று பெரியவர்களைச் சந்தியுங்கள். குரலைப் பதிவு செய்யும் முன் அனுமதி கேளுங்கள். "பாட்டி, இதைப் பத்துப் பேர் கேட்பாங்க, பரவாயில்லையா?" என்று தெளிவாகச் சொல்லுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

அடுத்து, அவர்கள் உண்மையில் சந்தித்த ஒரு முடிவைக் கதையின் மையமாக வையுங்கள். "தோட்டத்தை விற்கப் போறாங்களாம். உங்க கையில் இருப்பது பத்து வெள்ளி. பிள்ளைக்குப் பள்ளிச் சட்டை வாங்கணும். சங்கத்தில் கட்டுவீங்களா?" என்று வாசகரிடம் கேளுங்கள். இரண்டு வழிக்கும் பெரியவர்கள் சொன்னதிலிருந்தே தொடர்ச்சி எழுதுங்கள். யாரும் சொல்லாததை நீங்களாக இட்டுக்கட்ட வேண்டாம்.

கணினியில் செய்ய "ட்வைன்" என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. நிரல் எழுதத் தெரியாதவரும் கிளை பிரியும் கதையை அதில் அமைக்கலாம், தமிழிலும் எழுதலாம். கணினி இல்லையா? அட்டைகளில் எழுதி, "ஆம் என்றால் 4-ஆம் அட்டை, இல்லை என்றால் 7-ஆம் அட்டை" என்று செய்யலாம்.

கடைசியில், கதை சொன்ன பெரியவர்களிடமே முதலில் காட்டுங்கள். "இப்படி இல்லப்பா" என்று அவர்கள் சொன்னால் திருத்துங்கள். வாசகர் பதில் போடும்போது கதை மாறுகிறதே, அதைவிட முக்கியமான மாற்றம் இது.

கலந்துரையாட

1. கடந்த ஒரு வாரத்தில் நீங்கள் கலந்துகொண்ட வாக்கெடுப்பு, புதிர், விளையாட்டு எதையாவது நினைத்துப் பாருங்கள். உங்கள் பதிலால் என்ன மாறியது?
2. மேலே கண்ட ஊகம், உழைப்பு, முடிவு ஆகிய மூன்றில் எது உங்கள் வட்டார நிகழ்ச்சிக்கு ஒத்துவரும்? ஏன்?
3. ஒருவருடைய துயரத்தை விளையாட்டாக்குவது சரியா? எந்த நிபந்தனையோடு சரி?
4. உங்கள் குடும்பப் புலனக் குழுவில் தவறான செய்தி வந்தால், அனுப்பிய மாமாவின் மனம் நோகாமல் எப்படித் திருத்துவீர்கள்?

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது. ஆனால் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வருகிறது. அவர்கள் கதை சொல்லத் தயார். பக்கத்தில் உட்கார்ந்து "ஆமா, அப்புறம்?" என்று கேட்கத்தான் ஆள் வேண்டும். இந்த மாதமே ஒருவரையாவது போய்ப் பாருங்கள்.